துயருற்றோர்க்குத் துணையாகும் செயலி

பிறந்தவர் இறத்தல் உலகத்து இயற்கை. இதனை அறியாதார் இலர். அறிந்தும், அன்பினாற் பிணிப்புண்ட ஒருவரை இழக்குங்கால் அவ்வறிவு ஆறுதல் தருவதில்லை. ஆதலினாலேயே துயரைத் தனியொருவர் சுமக்க விடாது, உற்றாரும் அயலாரும் கூடிச் சுமத்தற்குரிய ஒழுங்குகளைச் சமுதாயங்கள் வகுத்துள்ளன. யூதர் ஏழு நாளும் பின் முப்பது நாளும் எனத் துக்கத்தைக் காலத்தால் வரையறுத்தனர். யாழ்ப்பாணத்துச் சைவ மக்கள் எட்டு, அந்தியேட்டி, மாசியம், ஆட்டைத் திவசம் என முறை வகுத்தனர். ஆயினும், அந்தியேட்டி முடிந்து பந்தல் பிரிக்கப்பட்ட பின் வரும் நெடிய நாள்களில் வீடு வெறிச்சோடுகிறது. பிள்ளைகள் கடல் கடந்து வாழும் இக்காலத்தில் அவ்வெறுமை இன்னும் பெரிது. நள்ளிரவில் உறக்கமின்றி இருப்பாரின் கைக்கெட்டும் பொருள் பெரும்பாலும் கையடக்கத் தொலைபேசி ஒன்றே. அதன்வழி ஆறுதல் அளிக்க முயலும் செயலிகள் பல நாடுகளிலும் தோன்றியுள்ளன. அத்தகைய செயலியை அமைத்தல் கணினி அறிவு மட்டும் கொண்டு முடிவதொன்றன்று. துயரத்தின் இயல்பை அறிதலே அதற்கு முதற்படியாம்.

துயரம் பற்றிய கருத்துக்கள் 20ஆம் நூற்றாண்டில் ஒன்றையொன்று திருத்தி வளர்ந்தன. இறந்தார்மேல் வைத்த பற்றைச் சிறிது சிறிதாக மீட்டெடுத்தலே துயருறும் மனம் ஆற்றும் பணி என 1917இல் வெளியான கட்டுரையொன்றிற் சிக்மண்ட் புரொய்ட் கூறினார். 1969இல் எலிசபெத் கூப்ளர் றொஸ் வெளியிட்ட நூல் மறுத்தல், சினத்தல், பேரம் பேசுதல், சோர்தல், ஏற்றல் என்னும் ஐந்து நிலைகளை உலகறியச் செய்தது. ஆயின், அந்நூலுக்காக அவர் உரையாடியது இறக்கும் நிலையிலிருந்த நோயாளரோடேயன்றி, அவர்களை இழந்து வருந்துவாரோடன்று. இவ்வேறுபாட்டை மறந்து, ஐந்து நிலைகளையும் ஏணிப்படிகளாக்கி, துயருற்றவர் எப்படியில் நிற்கிறார் என அளந்து கூறும் செயலி நன்மையினும் தீமையே செய்யும். படியேறாதார் தம் துயரமும் பிழையானதோ என ஐயுற்று மேலும் வருந்துவர்.

1996இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் என்னும் மூவர் தொகுத்த நூல், பற்றறுத்தலே குணமடைதல் என்னும் எண்ணத்தை மறுத்தது. இறந்தாரோடுள்ள தொடர்பு உருமாறி நிலைத்தலும் நல்வாழ்வுக்கு இயைந்ததே என்பது அவர் துணிபு. 1999இல் நெதர்லாந்தின் உத்ரெக்ற் பல்கலைக்கழகத்து அறிஞராகிய மாகிறெற் ஸ்ட்ரோப, ஹென்க் ஸ்கட் ஆகிய இருவரும் இரட்டைச் செயன்முறை என்னும் கொள்கையை வெளியிட்டனர். அதன்படி, துயருற்றோர் இரு புறமும் ஊசலாடுவர். ஒருபுறம், இழந்தவரை எண்ணுதல், ஏங்குதல், அழுதல். மறுபுறம், அவர் செய்துவந்த கருமங்களைக் கற்றுக்கொள்ளுதல், புதிய கடமைகளை ஏற்றல், சிறிது நேரம் துயரை மறந்திருத்தல். காலையில் இளைப்பாற்றுச் சம்பளப் பத்திரங்களை நிரப்பும் கைம்பெண், கணவரின் கையெழுத்தைக் கண்டவுடன் கலங்குவாள். மாலையிற் பேரப்பிள்ளையின் மழலைக்குச் சிரிப்பாள். இவ்வூசலாட்டம் மனத்தின் குறையன்று. தாங்கொணாத் துயரைச் சிறுசிறு பங்காகத் தாங்குதற்கு மனம் காணும் வழியே அது.

செயலியின் அமைப்பும் இவ்வுண்மையினின்று பிறத்தல் வேண்டும். இறந்தாரின் படங்களையும் குரலையும் நினைவுக் குறிப்புக்களையும் பேணும் பகுதி ஒன்றும், இறப்புச் சான்றிதழ் பெறுதல், வங்கிக் கருமங்கள், உறக்கம், உணவு ஆகிய அன்றாட வாழ்வுக்கு உதவும் பகுதி ஒன்றும் அதில் இருத்தல் நன்று. ஒன்றினின்று மற்றதற்கு எந்நேரமும் எளிதிற் செல்ல வழி வேண்டும். எப்பகுதியைத் திறப்பது என்பதைத் துயருற்றவரே தீர்மானித்தல் வேண்டும். பொறி தீர்மானித்தல் ஆகாது.

பொறி தீர்மானித்தால் விளைவது யாது என்பதற்கு 2014இல் நிகழ்ந்த ஒன்று சான்றாகும். அவ்வாண்டு யூன் மாதத்தில் எரிக் மேயர் என்னும் அமெரிக்க இணைய வல்லுநர் தம் சிறு மகளைப் புற்றுநோயால் இழந்தார். டிசெம்பரில் முகநூல் நிறுவனம் பயனாளர் ஒவ்வொருவரின் ஆண்டையும் படங்களாகத் தொகுத்துக் காட்டத் தொடங்கியது. மேயர் அத்தகைய தொகுப்பை ஆக்க விரும்பாது விலகியிருந்தார். எனினும், அவர் கேளாமலே மகளின் முகம் திரையிற் தோன்றியது; அதனைச் சுற்றி ஆடிப்பாடும் உருவங்கள் வரையப்பட்டிருந்தன. மேயர் எவரையும் தீயவர் எனப் பழித்தாரல்லர். மகிழ்ச்சியான ஆண்டைக் கழித்தோரை மட்டும் மனத்திற்கொண்டு அமைத்தமையே குற்றம் என அவர் காட்டினார். முதலில் விருப்பத்தைக் கேட்டல், விரும்பினார் என அறியும்வரை படத்தைக் காட்டாதிருத்தல் என்பன அவர் கூறிய தீர்வுகள். நிறுவனத்தாரும் அவரிடம் வருத்தம் தெரிவித்தனர்.

இந்நிகழ்ச்சி தரும் பாடம், நினைவூட்டும் உரிமை துயருற்றவரிடமே இருத்தல் வேண்டும் என்பதாம். மகளின் முகத்தைக் காணுதல் தந்தைக்கு வெறுப்பன்று. காணும் வேளையைப் பிறர் தேர்ந்தமையே புண்ணாயிற்று. ஆதலின், செயலி அனுப்பும் அறிவித்தல்கள் கேட்டாலன்றி வருதலாகாது. நிறுத்த விரும்பின் ஒரே தொடுகையில் நிற்றல் வேண்டும். ஆண்டு நினைவு பற்றியும் இதுவே முறை. இறந்த திகதியைப் பதிந்து ஆண்டுதோறும் அதே திகதியில் நினைவூட்டுதல் கணினிக்கு எளிது. ஆயின், சைவ மக்கள் திவசம் செய்வது மாதத்தையும் பக்கத்தையும் திதியையும் பற்றியேயன்றி ஆங்கிலத் திகதியைப் பற்றியன்று. யூதரும் தம் பஞ்சாங்கப்படியே ஆண்டு நினைவை அனுட்டிப்பர். எந்நாளை நினைவு நாளாகக் கொள்வது என்பதனையும் அவரவரே குறித்தற்கு இடமளியாத செயலி, ஆறுதல் கூற வந்து பிழையான நாளிற் கதவைத் தட்டும் விருந்தினரை ஒக்கும்.

துயருற்ற மனம் களைத்த மனம் என்பதும் மறக்கத்தக்கதன்று. உறக்கம் குறையும், வாசித்தது நினைவில் நில்லாது. எனவே சொற்கள் சிலவாகவும், எழுத்துக்கள் பெரியனவாகவும், இரவிற் கண்ணை உறுத்தா ஒளியினவாகவும் அமைதல் வேண்டும். விட்ட இடத்திலிருந்து எந்நாளும் தொடர இயலவேண்டும். தவறிய நாள்களை எண்ணிக் காட்டுதல் தகாது.

செயலிக்கு எல்லையும் உண்டு. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாடு, நீடித்த துயரக் கோளாறு என்பதனைத் தனி நோயாக ஏற்றுள்ளது. ஆறு மாதங்களுக்கு மேலாகியும், அவரவர் பண்பாட்டு வழக்கின் அளவைக் கடந்தும், அன்றாட வாழ்வை முடக்கி நிற்கும் துயரே அது. அத்தகையோர்க்கும் உயிர் வாழ விருப்பற்றோர்க்கும் வேண்டுவது பயிற்சி பெற்ற மனிதரின் உதவி. அவ்வுதவிக்குரிய தொலைபேசி இலக்கம் செயலியின் எப்பக்கத்திலும் தெரிதல் வேண்டும். அது பயனாளர் வாழும் நாட்டுக்குரியதாகவும் இருத்தல் வேண்டும். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கம் அத்தகையது.

இன்னுமொன்று நம்பிக்கை. தாயின் குரலைச் செயலியொன்றில் ஒப்படைத்த மகன், அந்நிறுவனம் மூடப்படும் நாளிற் தாயை இரண்டாம் முறையும் இழப்பான். ஆதலின், சேர்த்தவை அனைத்தையும் வேண்டும்போது வெளியே எடுத்துக்கொள்ளும் வழி தொடக்கத்திலேயே அமைதல் வேண்டும். துயருற்றோர் எழுதிய குறிப்புக்களை விளம்பரத்தார்க்கு விற்றல் பெருங் கொடுமை என்பது கூறாமலே விளங்கும்.

பொதுவாகச் செயலியொன்றின் வெற்றி, அது நாள்தோறும் எத்தனை முறை திறக்கப்படுகிறது என்பதைக் கொண்டே அளக்கப்படுகிறது. துயருற்றோர்க்கான செயலிக்கு அவ்வளவுகோல் பொருந்தாது. அதனைத் திறக்கும் தேவை குறைந்து, அயலாரோடு பேசவும் வேலைக்குச் செல்லவும் நினைத்தபோது நினைத்து அழவும் ஒருவர் வல்லவராதலே அதன் பயன். மரண வீட்டுக்கு வரும் நல்ல அயலவர் அதிகம் பேசார், அழைத்தால் வருவர், வேண்டுவதைச் செய்வர், வேண்டாதபோது விலகியிருப்பர். அவர்தம் ஒழுக்கமே செயலி அமைப்போர் கற்க வேண்டிய முதற் பாடமாகும்.