மாடியில் டிராகன் பழம், வீட்டில் பூனை

போன எபிசோடைக் கேட்டுட்டு ஒரு தோழி கேட்ட கேள்வியில இருந்தே இன்னைக்கு ஆரம்பிக்கிறேன். "மூணாவது மாடி ஃப்ளாட். பால்கனியில டிராகன் பழம் வைக்க ஆசை. வீட்டுல ரெண்டு பூனை. முள்ளுச் செடியாச்சே, வைக்கலாமா?"

வைக்கலாம். முள்ளுக்காகப் பயப்படாதீங்க. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம் மரத்தைப் பிடிச்சு ஏறுற கள்ளி இது. தண்டோட விளிம்புல குட்டிக் குட்டி முள் கொத்தா இருக்கும். பூனை ஒரு தடவை மூக்கை வச்சுப் பார்த்துட்டு விலகிடும். தண்டைக் கடிச்சாலும் அதுல நஞ்சு கிடையாது. வயிறு கொஞ்சம் கலங்கலாம்.

என் பயமெல்லாம் வேற இடத்துல. முதல்ல, கையில இருக்கறது டிராகன் பழம்தானா? எனக்கு ஒருத்தர் ஆசையா ஒரு துண்டு கொடுத்தார். மூணு பட்டை, பச்சைத் தண்டு, பார்க்க அதே மாதிரிதான். நட்டு வச்ச நாலாம் நாள் எங்க பூனை வாயில நுரையோட வந்து நிக்குது. ஓயாம எச்சில் வடியுது, முகத்தைத் தரையில தேய்க்குது. தொட்டியில போய்ப் பார்த்தா கடிச்ச இடத்துல வெள்ளைப் பால். அது சதுரக்கள்ளி! வாயை ஈரத்துணியால துடைச்சுக்கிட்டே டாக்டர்கிட்ட ஓடினோம். கண்ணுல படாததால தப்பிச்சுது. கள்ளிப்பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, மனுஷங்களுக்கும்தான்.

அதனால நடுறதுக்கு முன்னாடி நுனியைக் கொஞ்சம் கிள்ளிப் பாருங்க. டிராகன் பழத்துல பால் வராது, வழவழன்னு நிறமில்லாத சாறுதான் வரும். சதுரக்கள்ளியில முள் ஜோடி ஜோடியா இருக்கும். பால் வந்தா அந்தத் துண்டு வீட்டுக்குள்ளயே வேண்டாம்.

அடுத்தது உரம். ஆமணக்குப் புண்ணாக்கு நல்ல உரம்தான், ஆனா அதுல ரிசின்ங்கிற கொடிய நஞ்சு இருக்கலாம். வாசனைக்கு நாய், பூனை நக்கிடும். பூனை இருக்கற வீட்டுல மக்கின தொழு உரமோ மண்புழு உரமோ போதும். பூச்சி மருந்துல பெர்மெத்ரின்னு எழுதியிருந்தா வாங்காதீங்க. பூனையோட கல்லீரலால அதைச் சரியா உடைச்சு வெளியேத்த முடியாது.

தொட்டி மண்ணு பூனைக்குக் கழிப்பறை மாதிரி தெரியும், அது அதோட தப்பில்ல. மண்ணு மேல பெரிய கூழாங்கல்லோ தேங்காய் மட்டையோ பரப்பிடுங்க. கர்ப்பிணிகள் அந்த மண்ணைக் கையுறை இல்லாம தொட வேண்டாம். பூனைக் கழிவு வழியா டாக்ஸோபிளாஸ்மா கிருமி வரலாம்.

நடுறது ரொம்ப சுலபம். ஒரு அடித் துண்டை நிழல்ல ஒரு வாரம் போட்டு, வெட்டின இடம் காய்ஞ்சதும் அடிப்பக்கம் கீழ இருக்கற மாதிரி நடணும். மணல் கலந்த, தண்ணி தேங்காத மண்ணு வேணும். பெரிய தொட்டி, நடுவுல அஞ்சடிக் கம்பம். தண்டு உச்சிக்கு வந்ததும் நுனியை வெட்டினா கிளைச்சுத் தொங்கும்.

அந்தக் கம்பத்தை மட்டும் கைப்பிடிச் சுவர் ஓரமா வைக்காதீங்க. இந்தப் பூ ராத்திரி மலர்ந்து காலையில வாடிடும். வெள்ளையா, பெருசா, நல்ல வாசனையோட இருக்கும். அதுக்கு விட்டில்பூச்சி வரும். விட்டில்பூச்சி வந்தா பூனை சும்மா இருக்குமா? தொட்டி மேல ஒரு கால், கம்பத்துல ஒரு கால், அடுத்த தாவல் சுவருக்கு வெளிய. முள் குத்துறது எல்லாம் அப்ப அதுக்கு உறைக்காது. தொட்டியைச் சுவர்ல இருந்து தள்ளி, வீட்டுச் சுவர் பக்கம் வைங்க. பால்கனிக்கு வலை அடிச்சுடுங்க.

மொட்டு பெருசாகி விரியற ராத்திரி, நான் பூனையை உள்ள விட்டுக் கதவைச் சாத்திட்டு, டார்ச்சும் சின்ன பிரஷ்ஷுமா வெளிய வருவேன். மகரந்தத்தைத் தொட்டு சூலகமுடியில தடவணும். சிவப்புச் சதை ரகங்கள் பலதுக்கு வேற செடியோட மகரந்தம் வேணும். அதனால ரெண்டு ரகமா வைக்கிறது நல்லது. அதுக்கப்புறம் ஒரு மாசத்துல பழம். சிவப்புப் பழம் நிறைய சாப்பிட்டா மறுநாள் சிறுநீர் இளஞ்சிவப்பா போகலாம், பயந்துடாதீங்க. உள்ள இருந்து கதவைப் பிராண்டுற சத்தத்தைப் பத்தி மட்டும் என்கிட்ட வழி இல்ல.