கோடிகள் ஒதுக்கியாச்சு, சாலை எங்கே?

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் தம்பானூருக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பாலராமபுரம் பழக்கமான இடம். நெய்யாற்றின்கரை தாண்டி வழிமுக்கு வந்ததும் வண்டி ஊர ஆரம்பிக்கும். விழிஞ்ஞத்துக்குப் போகும் சாலையும் காட்டாக்கடைக்குப் போகும் சாலையும் பாலராமபுரம் ஜங்ஷனில்தான் வந்து முட்டுகின்றன. இரண்டு பக்கமும் கைத்தறிக் கடைகள், வாசலை ஒட்டியே தார். கரமனையிலிருந்து கொடிநடை வரை சாலையை நால்வழியாக அகலப்படுத்திவிட்டார்கள். கொடிநடைக்கும் வழிமுக்குக்கும் இடையே மிச்சம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். அதற்கு நிலம் எடுப்பதற்குள்ளேயே ஆண்டுகள் ஓடிவிட்டன.

"இத்தனை கோடி அனுமதி" என்று பேப்பரில் வந்த பிறகும் ஏன் இந்தத் தாமதம்? அந்தச் செய்தி பெரும்பாலும் நிர்வாக அனுமதியைத்தான் சொல்கிறது. மலையாளத்தில் பரணானுமதி என்பார்கள். இந்த வேலையைச் செய்யலாம் என்று அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ஒப்பந்தம் எல்லாம் இருக்கின்றன. கேரள பட்ஜெட்டில் எத்தனையோ சாலைகளின் பெயருக்கு நேரே வெறும் 100 ரூபாய் என்றிருக்கும். டோக்கன் தொகை என்று அதற்குப் பெயர். பட்டியலில் இடம் பிடிக்க அது போதும், ஒரு சட்டி தார் வாங்கப் போதாது.

பெரிய வேலைகளுக்குப் பணம் வருகிற வழி வேறு. கிஃப்பி என்ற கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம் கடன் வாங்கிச் செலவு செய்கிறது. மோட்டார் வாகன வரியில் ஒரு பங்கும், பெட்ரோல் டீசல் மீது லிட்டருக்கு ஒரு ரூபாய் செஸ்ஸும் அதற்குப் போகின்றன. 2019இல் லண்டனில் மசாலா பத்திரம் (வெளிநாட்டில் ரூபாய்க் கணக்கில் விடும் கடன் பத்திரம்) விட்டு 2,150 கோடி ரூபாய் திரட்டியதும் இந்த வாரியம்தான். அதன் கடனையும் மாநிலத்தின் கடன் வரம்பில் சேர்த்துவிட்டது மத்திய அரசு. அந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஆனால் பணத்தை விழுங்குவது தாரும் ஜல்லியும் அல்ல, நிலம்தான். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 1,500 பேருக்கு மேல். ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி நிலத்தின் சந்தை மதிப்போடு அதே அளவு ஆறுதல் தொகையும் தர வேண்டும். ஒரு பேச்சுக்கு, சென்ட் ஐந்து லட்சம் என்றால் மூன்று சென்ட்டுக்குச் சந்தை விலை 15 லட்சம். கையில் வர வேண்டியது 30 லட்சம். அதற்கு மேல் கட்டடத்துக்குத் தனி, சமூகத் தாக்க மதிப்பீட்டு அறிவிப்பு வந்த நாளிலிருந்து சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் தனி. கிராமப்புறம் என்றால் நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பார்த்துச் சந்தை மதிப்பையே பெருக்கிக் கூட்டுவார்கள். தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் செலவு ஏறும்.

அப்படியானால் ஊரை விட்டு விலகிப் புறவழிச்சாலை போட்டால் என்ன? போட்டார்களே. கழக்கூட்டம் முதல் காரோடு வரை சுமார் 43 கிலோமீட்டர் பைபாஸ், முக்கோலைக்குத் தெற்கே கான்கிரீட்டில். நாகர்கோவிலிலிருந்து கொல்லத்துக்குப் போகும் லாரி இனி பாலராமபுரத்தைத் தொட வேண்டியதில்லை. விழிஞ்ஞத்திலிருந்து நாவாய்க்குளம் வரை வெளிவட்டச் சாலைத் திட்டமும் உண்டு. ஆனால் பாலராமபுரத்து நெரிசலில் பெரும்பங்கு அந்த ஊர் வண்டிதான் என்பது என் எண்ணம். பள்ளி வேன், ஆட்டோ, காட்டாக்கடை பஸ், முண்டு எடுக்க வந்த கார். பைபாஸால் இவர்களுக்கு என்ன பயன்? அந்த ஒன்றரை கிலோமீட்டரைத்தான் முதலில் முடித்திருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் எல்லைக்கல் நட்டிருந்தால் எத்தனை கோடி என்று விசாரிப்பதை விட அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அறிவிப்பு வந்துவிட்டதா என்று கேளுங்கள். வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். கடையை வாடகைக்கு நடத்துகிறவர்களும் சும்மா இருந்துவிட வேண்டாம். மூன்று ஆண்டுகளாக அங்கே பிழைப்பு நடத்தியிருந்தால் மறுவாழ்வு உதவி கேட்க அவர்களுக்கும் வழி உண்டு. வாடகை ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.