கரும்பலகையில் ஆல்கஹால் – 7: ஒரே நொதி, இரண்டு சாராயம்

அலங்காநல்லூர்க் கரும்பில் தொடங்கி, கழிவுப்பாகு, ஈஸ்ட் என்று போன வாரம் எரிசாராயம்வரை வந்துவிட்டோம். இந்த வாரம் கல்லீரல் என்று சொல்லியிருந்தேன். அதன் வாசலிலேயே ஒரு நொதி என்னை நிறுத்திவிட்டது.

வாடிப்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. பிளஸ் டூ வேதியியல் வகுப்பில் ஹைட்ராக்சி சேர்மங்கள் பாடம். ஒரு சோதனைக்குழாயில் எத்தனால், மற்றதில் மெத்தனால். இரண்டும் தண்ணீர்போலத் தெளிவு. டீச்சர் அயோடினும் சோடியம் ஹைட்ராக்சைடும் விட்டு லேசாகச் சூடுகாட்டினார். எத்தனாலில் மஞ்சளாக அயோடோஃபார்ம் படிந்தது. ஆஸ்பத்திரி வாடை அடித்தது. மெத்தனால் அப்படியே கிடந்தது.

"கண்டுபிடிச்சாச்சு டீச்சர்!"

"ரெண்டையும் கலந்துட்டுச் செஞ்சா?"

செய்தார்கள். மறுபடியும் மஞ்சள். பிள்ளைகளிடம் பேச்சில்லை. மெத்தனால் கலந்த சாராயமும் இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

நம் பாடம் பெரும்பாலும் குடுவையோடு முடிந்துவிடுகிறது. அந்த டீச்சர் உடம்புக்குள் போனார். கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்றொரு நொதி. அது எத்தனாலை அசிட்டால்டிஹைடாகவும், மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும் மாற்றுகிறது. ஃபார்மால்டிஹைடு அடுத்து ஃபார்மிக் அமிலமாகிறது. 1671-லேயே ஜான் ரே எறும்புகளை வடித்தெடுத்த அதே அமிலம்! அது செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கிறது. பார்வை நரம்பைத் தாக்குகிறது.

இரண்டும் சேர்ந்து வந்தால் நொதி எத்தனாலைத்தான் முதலில் பிடிக்கும். மெத்தனால் மாறாமல் காத்திருக்கும். அதனால்தான் மெத்தனால் விஷத்துக்கு எத்தனாலே முறிவு மருந்தாகிறது. ஃபோமெபிசோல் என்ற மருந்து அந்த நொதியையே தடுத்துவிடும்.

"அப்ப சாராயத்துக்குச் சாராயமே மருந்தா டீச்சர்?"

"ஆஸ்பத்திரியில டாக்டர் அளந்து குடுத்தா மருந்துடா. வீட்டுல ஊத்திக் குடுத்தா இல்ல."

அசிட்டால்டிஹைடும் நல்லதில்லை, புற்றுநோய்க் காரணி. எத்தனால் கல்லீரலை என்ன செய்கிறது என்பதை அடுத்த வாரம் முழுதாகப் பார்ப்போம்.

2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் கள்ளச்சாராயத்தில் கலந்த மெத்தனால் உயிர்களைக் குடித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். குடித்தவுடன் வெறும் போதைபோலத்தான் இருக்கும். விஷம் வேலைகாட்டப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். உயிரையும் பார்வையையும் காப்பாற்றக் கிடைக்கிற அவகாசம் அதுதான். அதைத்தான் 'தூங்கினால் தெளிந்துவிடும்' என்று நாம் தொலைக்கிறோம். ஆல்கஹால் பாடம் நடத்தும் ஒவ்வொரு வகுப்பிலும் இந்தக் கணக்கைச் சொல்லியாக வேண்டும்.

குடித்தவர் மறுநாள் வயிறு வலிக்கிறது, கண் மசமசவென்று இருக்கிறது என்றால் மோர் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.