எத்தனை வருஷம் என்று கேட்பதற்கு முன்

டீ ஆறுகிறது, குடி தம்பி. அம்மாவின் எக்கோ ரிப்போர்ட்டில் "சிவியர் பிஹெச்", அதாவது நுரையீரல் ரத்தக்குழாயில் கடும் அழுத்தம், என்று பார்த்ததும் கூகுளில் தேடி, "மூணு வருஷம்கூடத் தாங்காதாமே" என்று வந்து நிற்கிறாய். அந்தக் கணக்கு 1980களுடையது. நுரையீரல் தமனியில் காரணம் தெரியாமல் அழுத்தம் ஏறியவர்களை அமெரிக்காவில் பதிவு செய்து கவனித்தார்கள். பாதிப் பேர் 2.8 வருஷத்துக்குள் போய்விட்டார்கள். அப்போது இதற்கென்று மருந்தே கிடையாது. இதற்கான எபோப்ரோஸ்டெனால் என்ற மருந்து அங்கே அனுமதி பெற்றதே 1995இல்தான். பின்னாளில் எடுத்த அமெரிக்கக் கணக்கில் பாதிக்கு மேற்பட்டோர் 5 வருஷத்தைத் தாண்டியிருக்கிறார்கள்.

அதுவும் ஒரு வகைக்கான கணக்குதான். மொத்தம் ஐந்து வகை. நம்மூரில் அதிகம் பார்ப்பது இடது பக்க இதயத்தால் வருவது. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடும். ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் அழுத்தம் ஏறும். பலூன் விட்டு வால்வை விரித்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் அழுத்தம் இறங்கும். பீடியாலும் அடுப்புப் புகையாலும் கெட்ட நுரையீரல் என்றால் ஆக்சிஜன். பழைய ரத்தக்கட்டி அடைத்திருந்தால் ஆபரேஷனில் வழித்து எடுக்கலாம். சிலருக்கு நோயே ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதனால்தான் நுரையீரல் ஸ்கேன் கேட்கிறார்கள், காசு பிடுங்க அல்ல.

தமனியே தடித்துப்போன முதல் வகைக்குத்தான் சில்டெனாஃபில், டடாலஃபில், போசென்டான் எல்லாம். சில்டெனாஃபில்தான் வயாக்ரா, மருந்துக்கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், கண்டுகொள்ளாதே. இடது இதயக் கோளாறுக்கு அதே மாத்திரை கெடுதலே செய்யலாம். 2024இல் அமெரிக்காவில் சோட்டாடெர்செப்ட் என்ற ஊசியும் அனுமதி பெற்றது. எதற்கும் அடங்காவிட்டால் நுரையீரல் மாற்று.

எக்கோவில் வரும் எண் ஒரு மதிப்பீடு. ரத்தக்குழாய் வழியாக டியூப் விட்டு அளந்தால்தான் உறுதியாகும். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20க்கு மேல் போனால் நோய். ஆனால் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த எண்ணைவிட, வலது இதயம் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதுதான். ஆறு நிமிஷம் நடக்கவிட்டுப் பார்ப்பது அதற்காகத்தான். கால் வீக்கம், மயக்கம் வந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதே.

டாக்டரிடம் "எத்தனை வருஷம்" என்று கேட்காதே. "எந்த வகை, எதனால்" என்று கேள். அம்மாவுக்குச் சில்டெனாஃபில் எழுதினால், நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் வீட்டில் இருப்பதையும் சொல்லிவிடு. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் படாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.