அட்டை கடித்த இடத்தில் ரத்தம் ஏன் நிற்பதில்லை?

விடியுமுன் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு மழைக்காலத்தில் அட்டைக்கடி சம்பளத்தோடு சேர்ந்த சங்கதி. ஏலக்காய் காய்ப்பது செடியின் உச்சியில் அல்ல. தூரை ஒட்டித் தரையில் படரும் சரங்களில். ஈரச் சருகுக்கு நடுவே குனிந்தோ குத்தவைத்தோதான் காய் எடுக்க வேண்டும். அட்டைக்கு இதைவிட வசதி ஏது? காலில் மூக்குப்பொடி தடவிக்கொண்டாலும் ஒன்றிரண்டு ஏறிவிடும். குடித்துவிட்டு அது விழுந்த பிறகும் ரத்தம் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

கத்தி கீறினால்கூடச் சில நிமிடங்களில் உறைகிற ரத்தத்துக்கு இந்தப் பொட்டளவு காயத்தில் என்ன வந்தது?

ரத்தக்குழாயின் உட்பக்கத்தை மெல்லிய செல் வரிசை ஒன்று மூடியிருக்கிறது. அதற்கு அடியில் இருப்பது கொலாஜன் என்னும் நார்ப்புரதம். குழாய் கிழிந்தால்தான் ரத்தம் அதைத் தொடும். அந்தத் தொடுகைதான் காயத்தின் முதல் சேதி. ரத்தத்தில் வான் வில்பிராண்ட் காரணி என்ற மிக நீளமான புரதம் நூல்கண்டு போலச் சுருண்டு மிதக்கிறது. அதன் ஏ3 பகுதி கொலாஜனைப் பற்றிக்கொள்ள, ஓடும் ரத்தம் மறுமுனையை இழுக்க, கண்டு பிரிந்து நீள்கிறது. அதுவரை மறைந்திருந்த ஏ1 பகுதி வெளிப்பட்டுத் தட்டணுக்களை மறித்து நிறுத்துகிறது. வேகம் தணிந்த தட்டணுக்கள் பிறகு தாமாகவே கொலாஜனைப் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாகின்றன. த்ராம்பின் என்ற நொதியால் உருவாகும் ஃபைப்ரின் இழைகள் அந்த அடைப்பை இறுக்குகின்றன.

மருத்துவ அட்டை இந்த இரண்டு இடங்களிலும் கைவைக்கிறது. அதன் உமிழ்நீரிலுள்ள சாரட்டின், கொலாஜன் மேல் முந்திப்போய் உட்கார்ந்து வான் வில்பிராண்ட் காரணிக்கு இடமில்லாமல் செய்கிறது. ஹிருடின் த்ராம்பினை முடக்குகிறது. மலைச்சரிவின் தரை அட்டைகள் வேறு குடும்பம். அக்குடும்பத்தின் ஹீமாடிப்சா சில்வெஸ்ட்ரிஸ் என்ற இந்திய அட்டையிலிருந்து பிரித்த ஹீமாடின் என்ற புரதத்தைப் பற்றி 1993-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதுவும் த்ராம்பினைத்தான் அடக்குகிறது. கடிவாயைக் கழுவிச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், பெரும்பாலோருக்குக் கவலையில்லை.

ஆனால் சிலருக்கு அட்டையே தேவையில்லை. பிறவியிலேயே வான் வில்பிராண்ட் காரணி குறைவு, அல்லது பழுது. பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்பிராண்ட் 1926-ல் ஆலாந்து தீவுக் குடும்பம் ஒன்றில் கண்டு எழுதிய நோய் இது. அவர் முதலில் பரிசோதித்தபோது 5 வயதாக இருந்த சிறுமி, 13 வயதில் மாதவிடாய் ரத்தப்போக்கில் இறந்துபோனாள். ஆண், பெண் இருவருக்கும் வரும். என்றாலும் மாதந்தோறும் சோதிக்கப்படுவது பெண்கள்தான். அதிக உதிரப்போக்கை 'உடம்புவாகு' என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுகிறோம். அதோடு அடிக்கடி மூக்கில் ரத்தம், பல் பிடுங்கினால் நிற்காத கசிவு என்றும் இருந்தால் ரத்தநோய் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. தட்டணு எண்ணிக்கையும் வழக்கமான உறைவுச் சோதனையும் சரியாகவே வரலாம். அதை வைத்து ஒன்றுமில்லை என்று திரும்பிவிடக் கூடாது. இந்தக் காரணி எவ்வளவு இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தனிச் சோதனைகள் உண்டு. கேட்டு வாங்கிச் செய்துகொள்ள வேண்டும்.