கைவிடப்பட்ட குழந்தையை நேரடியாக வாங்கி வளர்க்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

பச்சிளம் குழந்தை மீட்பு என்று செய்தி வந்தாலே, "எங்ககிட்ட கொடுங்க, நாங்க வளர்க்கிறோம்" எனப் பலர் கேட்பதுண்டு. நல்ல மனசுதான். ஆனால் அப்படிக் கொடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது.

ஏன் முடியாது?

அந்தக் குழந்தையைப் பெற்றவர்கள் எங்கோ இருக்கலாம். அவர்களைத் தேடிப் பார்த்த பிறகே, குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் எனக் குழந்தைகள் நலக்குழு அறிவிக்கும். பெற்றோரே ஒப்படைத்த குழந்தை என்றாலும், மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு.

இந்த நடைமுறையை மீறிக் குழந்தையைத் தத்தெடுத்தால், 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். பாசமாக வளர்த்த குழந்தையையும் பிரிய நேரிடும்.

சரி, எப்படித்தான் தத்தெடுப்பது?

* மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.
* சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்வார்.
* பதிவு மூப்புப்படி குழந்தையின் விவரம் வரும். 48 மணி நேரத்துக்குள் விருப்பத்தைத் தெரிவிக்கணும்.
* 2022 செப்டம்பர் முதல் இறுதி உத்தரவு தருவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர்.

யாருக்குத் தகுதி?

தம்பதி என்றால் மணமாகி 2 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். தனியாக வாழ்பவர்களும் தத்தெடுக்கலாம். ஆனால் தனியாக இருக்கும் ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.

காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளலாம். அதைக் காட்டி 'சீக்கிரம் முடிச்சுத் தரோம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ஆதரவின்றித் தவிக்கும் குழந்தையைப் பார்த்தால் உடனே 1098-ஐ அழையுங்கள்.