நோட்டின் கடைசிப் பக்கம்

என் கணவர் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறார். வீட்டில் கணக்கு எழுதுவது நான். இரண்டு வருஷத்துக்கு முன், 'சர்க்கரை எட்டிப் பார்க்கிறது' என்று டாக்டர் சொன்னதும், நண்பர்களைப் பார்த்து கியர் சைக்கிள் வாங்கினார். விலை 38 ஆயிரம். உடம்புக்கு நல்லதாச்சே என்று, சீட்டு எடுத்த பணத்தை நானே கொடுத்தேன்.

அதோடு முடிந்ததா? ஹெல்மெட் 2,800, மெத்தை வைத்த கால்சட்டை இரண்டு 3,600, ஷூவும் அதைக் கவ்விக்கொள்ளும் பெடலும் 7,500, லைட் 2,200, பம்ப், டியூப் 1,900, தூரமும் வேகமும் காட்டும் மீட்டர் 6,000. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டினேன். சைக்கிள் போக 24 ஆயிரம்! நம்ம ஊர் உப்புக் காற்றில் செயின் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய்ச் செலவு தனி.

கேட்டால், "குடிக்கேனா, சிகரெட் பிடிக்கேனா? இது ஒண்ணுதானே" என்பார். உண்மைதான். ஞாயிறு விடியுமுன் கிளம்பி திருச்செந்தூர் போய்த் திரும்புகிறார். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. 200 கிலோமீட்டரை பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் பயணத்துக்குப் போக வேண்டும் என்று ஆசை. அது பந்தயம் இல்லை, பரிசுப் பணமும் கிடையாது.

2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததும், "கார்பன் சைக்கிள் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணேகால் லட்சம்தான்" என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்குமுன், எட்டாவது படிக்கும் மகள், "எம்மா, அப்பா புதுசு வாங்கினா பழசை எனக்குத் தருவாங்களா? டியூஷனுக்கு நடந்து நடந்து கால் வலிக்கு" என்றாள்.

அவர் முகம் வாடிப்போச்சு. எனக்கும் சுருக்கென்றது. ரூபாய் ரூபாயாகக் கணக்கு எழுதிய எனக்கு, பிள்ளை நடந்து போவது கண்ணில் படவில்லையே!

கொல்லையில் என் பழைய சைக்கிள் கிடந்தது. 2005-ல் பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த இலவச சைக்கிள். அதில் போய்த்தான் பிளஸ் டூ முடித்தேன். கல்யாணத்துக்குப் பின் தொடவில்லை. உப்பளத்து ஆட்கள் வண்டி பார்க்கும் கடைக்கு அதை உருட்டிக்கொண்டு போனேன். டயர், டியூப், செயின், பிரேக் கட்டை எல்லாம் மாற்றி 1,950 ரூபாய். இப்போது மகள் அதில்தான் போகிறாள். அவள் வந்ததும் நான் ஒரு சுற்று சுற்றுகிறேன். மறக்கவே இல்லை! 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்களாம். அவர்களுக்கு எந்த மீட்டர் இருந்தது?

கார்பன் சைக்கிள் பேச்சை அவரே விட்டுவிட்டார். சைக்கிள் செலவுக்கு மாதம் 500 ரூபாய் தனிக் கவரில் போடுகிறேன். அதற்கு மேல் வேண்டுமானால் சேர்த்து வைத்து வாங்க வேண்டும்.

சகோதரிகளே! வீட்டுக்காரருக்கு நல்ல பொழுதுபோக்கு இருந்தால் தடுக்காதீர்கள். ஆனால், பொருளின் விலையோடு அதன் பின்னால் வரும் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். வீட்டில் யார் நடந்து போகிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

- ஒரு வாசகி, தூத்துக்குடி.